தப்பான நேரம் காட்டும் குரோனோமீட்டரை ஏன் திருத்தக் கூடாது?

அலைத்தடம் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சரக்குக் கப்பலில் டெக் கேடட்டாக (பயிற்சி அதிகாரியாக) சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு விஷயம் மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. இங்கே அனுபவசாலிகள் பலர் இருப்பதால் கேட்கிறேன்.

எங்கள் பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது, கப்பல் நேரம் காட்டுவது. சார்ட் மேசைக்குப் பக்கத்தில் கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று. அதற்குள் குரோனோமீட்டர், கப்பலின் இடத்தைக் கணிக்க வைத்திருக்கும் துல்லியமான கடிகாரம். பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வகைதான். அது கிரீன்விச் நேரத்தில் ஓட வேண்டும் என்று படித்திருக்கிறேன். போன வாரம் ஒரு காலையில் ரேடியோவில் நேர சிக்னல் கேட்டபோது ஒப்பிட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் இருப்பது 41 விநாடி பின்தங்கியிருந்தது. திருத்தி வைத்துவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். பின்னாலிருந்து செகண்ட் ஆபீசர் "கையை எடு!" என்று போட்ட சத்தத்தில் தூக்கிவாரிப் போட்டது.

அவர் கோபப்படவில்லை. விளக்கிச் சொல்ல அவருக்கு நேரமும் இல்லை, துறைமுகம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அதைத் தொடாதே. எவ்வளவு தப்பு என்று புத்தகத்தில் எழுது, அது போதும்" என்றார். பிறகு அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். போன மாதம் இதே தேதியில் 35 விநாடி, அதற்கு முந்தைய மாதம் 29. ஏழு மாதத்துக்கு முன்பு பேட்டரி மாற்றியதிலிருந்து ஒருவரும் கை வைக்கவில்லை. தினமும் தப்பை மட்டும் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

சுவர்க் கடிகாரத்தை மட்டும் ராத்திரியானால் முன்னும் பின்னும் தள்ளுகிறார்கள். அதைத் தள்ளலாம், இதைத் தொடக்கூட கூடாது. தப்பு என்று தெரிந்தும் ஏன் ஒரு கடிகாரத்தை அப்படியே விட்டுவைக்க வேண்டும்?


காற்றுப்பாய் எழுதியது:

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது, அதாவது மணிக்கு 15 டிகிரி. கிரீன்விச்சில் இப்போது என்ன நேரம் என்று தெரிந்து, நாம் இருக்கும் இடத்தில் சூரியன் எங்கே நிற்கிறது என்றும் தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நம் தீர்க்கரேகை. குரோனோமீட்டர் கிரீன்விச்சைக் கூடவே தூக்கிக்கொண்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்சரேகைக்கு இந்தத் தொல்லை கிடையாது. துருவ நட்சத்திரத்தின் உயரமோ நண்பகல் சூரியனின் உயரமோ போதும், மணிக்கணக்கு பார்க்க வேண்டியதில்லை.

ஏன் திருத்துவதில்லை என்று கேட்டால், அது பழைய சடங்கு என்றுதான் சொல்வேன். சாவி கொடுத்து ஓட்டிய காலத்தில் முள்ளைத் தொட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்று பயந்தார்கள். குவார்ட்ஸுக்கு அந்தப் பயம் தேவையில்லை. ஜிபிஎஸ் இருக்கும்போது அந்தப் பெட்டிக்கே பெரிய வேலை இல்லை.


பழைய வாட்ச் எழுதியது:

தம்பி, உன் செகண்ட் ஆபீசர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. காற்றுப்பாய் சொன்ன 15 டிகிரி கணக்கும் சரிதான். ஆனால் சடங்கு என்று சொன்னதைப் படித்துவிட்டு என்னால் பேசாமல் போக முடியவில்லை. செகண்ட் மேட்டாக (செகண்ட் ஆபீசரைத்தான் அப்படியும் சொல்வோம்) ஆறு வருடம் அந்தப் பெட்டி என் பொறுப்பில் இருந்தது. அப்போது ஓடியது சாவி கொடுக்கும் ரகம்.

முதலில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள். ஒன்று எரர், இந்த நிமிடம் எவ்வளவு தப்பு என்பது. இன்னொன்று ரேட், அந்தத் தப்பு ஒரு நாளைக்கு எவ்வளவு வளர்கிறது என்பது. உன் குரோனோமீட்டர் 29, 35, 41 என்று போயிருக்கிறது. மாதம் 6 விநாடி, நாளைக்கு 0.2 விநாடி. இதைவிட ஒழுங்கான கடிகாரம் உனக்கு எங்கே கிடைக்கும்? நாளை ரேடியோ முழுக்கச் செத்துப்போனாலும், இன்னும் பத்து நாள் கழித்து அது 43 விநாடி பின்தங்கியிருக்கும் என்று நீ இப்போதே சொல்லிவிடலாம். முள்ளில் தெரியும் நேரத்தோடு 43 விநாடியைக் கூட்டினால் கிரீன்விச் நேரம் கையில் வந்துவிடும். அந்தக் கடிகாரத்தின் மதிப்பு அது காட்டும் நேரத்தில் இல்லை தம்பி, ஏழு மாதமாக ஒரே சீராகத் தப்பு செய்கிறதே, அதில் இருக்கிறது.

நீ அன்றைக்குத் திருத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எரர் பூச்சியம் என்று எழுதியிருப்பாய். ஆனால் நீ கையால் வைத்தது அரை விநாடி முன்னே பின்னே இருந்திருக்கும். நிறுத்தி ஓடவிட்டதில் ரேட் மாறியதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. திரும்ப நம்பிக்கை வர வாரக்கணக்கில் ஒப்பிட வேண்டும். ஏழு மாதத்துச் சங்கிலி உன் விரல் பட்ட அந்த இடத்தில் அறுந்திருக்கும்.

சாவி கொடுக்கும் குரோனோமீட்டரை நீ பார்த்திருக்க வாய்ப்பில்லை, அதனால் சொல்கிறேன். பித்தளைக் கிண்ணத்துக்குள் இயந்திரம். அது இரண்டு வளையங்களில் தொங்கும். கப்பல் எப்படிப் புரண்டாலும் முகம் வானத்தைப் பார்த்தபடியே இருக்கும். தினமும் காலை ஒரே நேரத்தில் போய்க் கிண்ணத்தை ஒரு கையால் மெதுவாகக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் இருக்கும் தூசி மூடியை நகர்த்தி, சாவியைச் செருகி இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். எங்களுடையதற்கு ஏழரைத் திருப்பு. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணுவேன், கடைசியில் ஸ்பிரிங் முட்டும் இடத்தில் கை தானாக மெதுவாகும். பிறகு கிண்ணத்தைக் கையோடு கொண்டுவந்து நிமிர்த்துவேன், சட்டென்று விட்டுவிடக் கூடாது. முகத்தில் மேலே ஒரு சின்ன முள், சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று காட்டும். 56 மணி வரை தாங்கும். அப்படியும் 24 மணிக்கு ஒருமுறை கொடுப்போம். தினமும் ஸ்பிரிங்கின் அதே பகுதி வேலை செய்தால்தான் ரேட் மாறாமல் இருக்கும்.

மறந்துபோய் நின்றுவிட்டால், சாவி கொடுத்தால் மட்டும் அது ஓடாது. கிண்ணத்தைப் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு திருக வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கும் பாலன்ஸ் சக்கரம் உயிர் பெறும். அதையும் கண்ட நேரத்தில் செய்ய முடியாது. முள் எந்த நேரத்தில் நின்றதோ அந்த நேரம் மறுபடி சுற்றி வரும் வரை காத்திருந்து, சிக்னலோடு சேர்த்துத் திருக வேண்டும். என் ஆறு வருடத்தில் ஒருமுறைகூட நிற்க விட்டதில்லை.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், 4 விநாடிதான் விஷயம். பூமத்திய ரேகையில் 4 விநாடி தப்பினால் ஒரு கடல் மைல் தப்பு, 1,852 மீட்டர். ஒரு நிமிடம் தப்பினால் 15 மைல்.

அந்த 15 மைலை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்ட் மேட்டாக இருந்தபோது நடந்தது. பூமத்திய ரேகைக்குக் கொஞ்சம் வடக்கே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். அந்தி நேரத்தில் நட்சத்திரம் எடுக்கக் கிளம்பினேன். நட்சத்திரத்தின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டன்டோடு வெளியே நிற்கும்போது குரோனோமீட்டரைப் பார்க்க முடியாது அல்லவா, அதனால் முதலில் கைக்கடிகாரத்தை அதோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை எழுதிக்கொள்வோம். ஒப்பிட்ட கணத்தில் விநாடி முள் 58இல் இருந்தது. நிமிட முள் அடுத்த கோட்டை ஏறக்குறையத் தொட்டுவிட்டது. நான் அந்த அடுத்த நிமிடத்தையே எழுதிவிட்டேன்.

நான்கு நட்சத்திரம் எடுத்தேன். ஒவ்வொரு நட்சத்திரமும் சார்ட்டில் ஒரு கோடு தரும், கோடுகள் வெட்டும் இடம்தான் கப்பல். கணக்குப் போட்டு சார்ட்டில் கோடுகளை இழுத்தால், நான்கும் ஊசி குத்தின மாதிரி ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சுத்தமான புள்ளியை நான் போட்டதில்லை. பெருமையோடு கேப்டனிடம் காட்டினேன். அவர் புள்ளியைப் பார்க்கவில்லை. நண்பகலிலிருந்து எத்தனை மைல் ஓடியிருக்கிறோம் என்று கேட்டார். வேகத்தையும் நேரத்தையும் பெருக்கினால் 91 மைல். என் புள்ளிப்படி 76தான். எதிர் நீரோட்டம் இழுத்திருக்கும் என்றேன். அவர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது: "15 மைல் தப்பினால் கடலைச் சந்தேகப்படாதே. நிமிடத்தைச் சந்தேகப்படு."

ஏன் கோடுகள் அவ்வளவு அழகாகச் சேர்ந்தன? கடிகாரம் தப்பினால் எல்லா நட்சத்திரமும் ஒரே அளவு, ஒரே பக்கம் தப்பும். கோடுகள் விலகி முக்கோணமாக விரியாது. மொத்த வானமும் சேர்ந்து பக்கவாட்டில் நகர்ந்துவிடும், அவ்வளவுதான். செக்ஸ்டன்டைத் தப்பாகப் பிடித்தால் கோடுகளே காட்டிக்கொடுத்துவிடும். நேரம் தப்பினால் எதுவும் காட்டிக்கொடுக்காது. அன்றிலிருந்து விநாடியை முதலில் படித்து எழுதுவேன், பிறகு நிமிடம், கடைசியில் மணி. எழுதின பிறகு இன்னொரு முறை ஒப்பிடுவேன்.

ஹாரிசன் கதை உனக்குத் தெரிந்திருக்கும். 1714இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு, தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20,000 பவுண்டு என்று அறிவித்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்புதான், 1707இல், சில்லித் தீவுகளின் பாறையில் மோதி நான்கு போர்க்கப்பல்கள் போயிருந்தன. அரை டிகிரி என்றால் இரண்டு நிமிட நேரம். தச்சராக இருந்து கடிகாரம் செய்யக் கற்றுக்கொண்ட ஜான் ஹாரிசன், 1759இல் முடித்த நான்காவது கருவியை ஜமைக்காவுக்கு அனுப்பினார். மகன் வில்லியம் கூடவே போனார். மதீரா தீவை நெருங்கும்போது கப்பலின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும் ஒன்றரை டிகிரி வேறுபட்டன. கப்பல்காரர்கள் திசை மாற்றப் பார்த்தார்கள், வில்லியம் வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றார். மறுநாள் விடிந்தபோது அவர் சொன்னபடியே தீவு கண்முன் இருந்தது.

81 நாளில் அந்தக் கடிகாரம் 5 விநாடிதான் தப்பியது என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அது எப்படி 5 ஆனது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாளுக்கு இரண்டரை விநாடிக்கு மேல் அது பின்தங்கும் என்று ஹாரிசன்களுக்கு முன்பே தெரியும். முகத்தில் இருந்த தப்பு மூன்றரை நிமிடத்துக்கும் அதிகம். ரேட்டைப் போட்டுக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் 5 விநாடி. அந்த ரேட்டை முன்கூட்டியே அறிவிக்கவில்லை என்பது பரிசுக் குழு எழுப்பிய ஆட்சேபங்களில் ஒன்று. அதனால் 1764இல் பார்படோஸுக்குப் போகும்போது, ரேட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வில்லியம் கப்பல் ஏறினார். உன் செகண்ட் ஆபீசர் எழுதச் சொன்ன புத்தகத்தின் மூதாதை அந்தக் காகிதம்தான்.


அலைத்தடம் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. இரண்டு முறை படித்தேன். நான்கு கோடும் ஒரே புள்ளியில் சேர்ந்தும் தப்பாக இருந்தது என்பதைப் படித்தபோது உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஒரு சந்தேகம். ரேட் சீராக இருக்கும் என்று நம்பித்தானே எல்லாம் நடக்கிறது? ரேடியோ இல்லாத காலத்தில், நடுக்கடலில் ரேட் திடீரென்று மாறினால் எப்படித் தெரியும்? அப்புறம், சுவர்க் கடிகாரத்தை மட்டும் ஏன் தள்ளுகிறார்கள் என்று யாராவது சொல்லுங்கள்.


கீழ்த்தளம் எழுதியது:

சுவர்க் கடிகாரத்தைப் பற்றி நான் சொல்கிறேன். நான் என்ஜின் அறைக்காரன், எங்களுக்கு அந்தக் கடிகாரம்தான் உலகம்.

அந்தக் கடிகாரம் ஆட்களுக்காக ஓடுகிறது. விடியும்போது காலை, சூரியன் உச்சிக்கு வரும்போது மதியம் என்று உடம்புக்குத் தெரிய வேண்டும். மேற்கே 15 டிகிரி போனால் ஒரு மணி பின்னால் தள்ள வேண்டும், அன்றைக்கு 25 மணி நேர நாள். கிழக்கே போனால் 23 மணி நேரம். அந்த ஒரு மணியை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கப்பலில் பெரிய நியாயம். நாங்கள் ஓடிய கப்பல்களில் மூன்று வாட்சுக்கும் (முறை வைத்துப் பணி செய்யும் குழுக்களுக்கும்) இருபது இருபது நிமிடமாகப் பங்கு போடுவார்கள். ஒரே வாட்ச் முழு மணியையும் சுமக்காது. பசிபிக்கில் மேற்கே போகும்போது ஒன்று விட்டு ஒரு ராத்திரி கூடுதல் தூக்கம் கிடைக்கும். கிழக்கே போகும்போது அதைத் திருப்பிப் பிடுங்கிக்கொள்வார்கள். இரண்டு வாரம் கிழக்கே போனால் கண் எரிச்சல் தீரவே தீராது.

பழைய பாய்மரக் கப்பல்களில் இதே நியாயத்துக்கு இன்னொரு வழி வைத்திருந்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு வாட்ச் என்றால் நாளுக்கு ஆறு வாட்ச். ஆட்கள் இரண்டு குழுவாக இருந்தால் நள்ளிரவு வாட்ச் எப்போதும் ஒரே குழுவுக்கு விழும். அதற்காக மாலை 4 முதல் 8 வரை உள்ளதை இரண்டாக உடைத்து, இரண்டு மணி நேர வாட்ச் இரண்டு ஆக்கினார்கள். மொத்தம் ஏழு ஆனதும் முறை தானாக மாறிக்கொண்டது. அரை மணிக்கு ஒரு அடி என்று மணி அடித்து, எட்டு அடி ஆனால் வாட்ச் முடிந்தது. அந்த அரை மணியை அளந்தது மணல் கடிகாரம். அதைத் திருப்புவது பெரும்பாலும் சின்னப் பையன்கள் வேலை. குளிரில் நிற்பவன் மணல் முழுக்க இறங்கும் முன்பே திருப்பிவிட்டால் வாட்ச் சுருங்கும். கப்பலின் கணக்கும் கூடவே கெடும்.

தேதிக் கோட்டையும் சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் உலகைச் சுற்றிய மகெல்லனின் குழு, 1522 ஜூலையில் வெர்டே முனைத் தீவுகளுக்கு வந்தபோது அவர்கள் கணக்கில் அன்று புதன்கிழமை. கரையில் இருந்தவர்கள் வியாழன் என்றார்கள். அந்தக் குழுவில் ஒரு நாள்கூடத் தவறாமல் நாட்குறிப்பு எழுதிவந்த பிகாஃபெட்டாவுக்கு அது பெரிய திகைப்பு. அவர் தப்பு எதுவும் செய்யவில்லை. சூரியன் போகும் பக்கமே மேற்காகச் சுற்றியதில் ஒரு விடியல் குறைந்துவிட்டது. எனக்கு நேர்மாறாக நடந்தது. கிழக்காகக் கோட்டைத் தாண்டிய அன்று இரண்டு வியாழக்கிழமை. இரண்டு வியாழனும் ஒரே பம்பைக் கழற்றி மாட்டினேன், அதனால் நன்றாக நினைவிருக்கிறது.


காற்றுப்பாய் எழுதியது:

பழைய வாட்ச் ஐயா, சடங்கு என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எரர், ரேட் வித்தியாசத்தை நான் இப்படி யோசித்ததே இல்லை. ஆனாலும் ஜிபிஎஸ் பற்றி உங்கள் கருத்து என்ன? அதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லையே.


பழைய வாட்ச் எழுதியது:

முதலில் கேடட் தம்பியின் சந்தேகம். ரேட் மாறினால் தெரிந்துகொள்ள ஒரே வழி, இன்னொரு கடிகாரத்தோடு ஒப்பிடுவது. இரண்டு இருந்தால் போதாது. இரண்டும் வேறு வேறு சொன்னால் எதை நம்புவது? அதனால்தான் ஒன்று கொண்டு போ, இல்லாவிட்டால் மூன்று கொண்டு போ என்பார்கள். மூன்றில் இரண்டு பழைய கணக்குப்படி ஓடி ஒன்று மட்டும் விலகினால், விலகியது எது என்று தெரிந்துவிடும்.

இதை எல்லைவரை கொண்டுபோனது பீகிள். டார்வின் போன அதே கப்பல். 1831இல் அது கிளம்பும்போது அதில் 22 குரோனோமீட்டர். தனி அறை, மரத்தூள் அடைத்த பெட்டிகள், பார்த்துக்கொள்ளவே தனியாக ஒரு ஆள். துறைமுகம் துறைமுகமாகத் தீர்க்கரேகை வித்தியாசத்தை அளந்துகொண்டே உலகைச் சுற்றினார்கள். எல்லா வித்தியாசங்களையும் கூட்டினால் சரியாக 24 மணி வர வேண்டும். ஐந்து வருடம் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது 33 விநாடி அதிகமாக வந்தது. ரேடியோ இல்லை, தந்தி இல்லை, வெறும் ஸ்பிரிங்குகள். அந்த 33ஐ நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

துறைமுகத்தில் நின்றால் ஒப்பிட வழி இருந்தது. கிரீன்விச் வானாய்வகத்தின் கூரையில் 1833இல் ஒரு பெரிய பந்தை வைத்தார்கள். மதியம் சரியாக 1 மணிக்கு அது கம்பத்திலிருந்து கீழே விழும். தேம்ஸில் நிற்கும் கப்பலிலிருந்தே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். குரோனோமீட்டரைக் கரைக்குத் தூக்கிப் போக வேண்டாம், குலுங்கி ரேட் மாறவும் மாறாது.

துறைமுகமும் இல்லாமல், மூன்று கடிகாரமும் இல்லாமல் ஒருவர் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். ஃபிராங்க் வோர்ஸ்லி, அண்டார்டிக் பயணத் தலைவர் ஷாக்கிள்டனின் கப்பல் கேப்டன். 1916 ஏப்ரலில் ஷாக்கிள்டனோடு யானைத் தீவிலிருந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு, ஏழு மீட்டர்கூட இல்லாத படகில் 800 கடல் மைல் போனார். இங்கிலாந்திலிருந்து எடுத்துவந்த 24 குரோனோமீட்டரில் உருப்படியாக ஓடியது ஒன்றே ஒன்று. கிளம்பும் நாளில் சூரியன் சற்று நேரம் தலைகாட்டியது. தீவின் இடம் தெரியும், அதை வைத்து அந்தக் கடிகாரத்தின் பிழையைக் கணித்துக்கொண்டார். பிறகு 16 நாளில் நான்கு முறைதான் சூரியன் கிடைத்தது. இரண்டு பேர் அவரைப் பிடித்துக்கொள்ள, செக்ஸ்டன்டோடு நின்று குரல் கொடுப்பார், ஷாக்கிள்டன் நேரத்தைக் குறிப்பார். நனைந்து ஒட்டிப்போன அட்டவணைப் பக்கங்களைப் பிரித்துப் பிரித்துக் கணக்குப் போட்டார். தீவைத் தவறவிட்டால் அதற்கப்பால் வெறும் கடல். தவறவிடவில்லை.

இப்போது ஜிபிஎஸ். காற்றுப்பாய், அதில் இந்தத் தொல்லை இல்லை என்கிறீர்கள். எனக்கு அதில் பிடித்ததே இந்தத் தொல்லை அப்படியே உள்ளே இருப்பதுதான். ஜிபிஎஸ் என்பது வானத்தில் ஓடும் குரோனோமீட்டர்கள். ஒளி ஒரு மைக்ரோ விநாடியில் 300 மீட்டர் போகும். எனவே நமக்கு 4 விநாடி எப்படியோ, அதற்கு மைக்ரோ விநாடி அப்படி. மேலே ஈர்ப்பு குறைவு, வேகம் அதிகம். ஐன்ஸ்டீன் கணக்குப்படி இரண்டும் சேர்ந்து, செயற்கைக்கோளின் கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும். கவனிக்காமல் விட்டால் ஒரே நாளில் 11 கிலோமீட்டர் தப்பு. இது முன்பே தெரிந்த ரேட் என்பதால், மேலே அனுப்பும் முன்பே கடிகாரத்தை அந்த அளவுக்கு மெதுவாக்கிவிடுகிறார்கள்.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு அணுக் கடிகாரமும் தன் போக்கில் கொஞ்சம் விலகும். அப்போது என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு விலகலுக்கும் மேலே கட்டளை அனுப்பி முள்ளைத் திருப்பிக்கொண்டிருப்பதில்லை. தரையிலிருந்து பார்த்து, இந்தக் கடிகாரம் இப்போது இவ்வளவு விலகியிருக்கிறது, இன்ன வேகத்தில் விலகிக்கொண்டிருக்கிறது என்று இரண்டு எண்களை அதற்கே ஏற்றிவிடுகிறார்கள். விலகும் வேகமே மாறினால் அதற்கு மூன்றாவதாக ஒரு எண். செயற்கைக்கோள் தன் நேரத்தோடு இந்த எண்களையும் சேர்த்தே ஒலிபரப்புகிறது. கீழே உன் ரிசீவர் கூட்டிக் கழித்துக்கொள்கிறது. எரரும் ரேட்டும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தகம்தான் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை நான் முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடம் காலை தவறாமல் நான் எழுதிய இரண்டு பத்திகள் அவை.

அந்தப் பெட்டிக்கு வேலை இல்லை என்பதையும் ஏற்க மாட்டேன். ஜிபிஎஸ் சிக்னல் பலவீனமானது. அதை அடைக்கலாம், பொய்யாகவும் அனுப்பலாம். அமெரிக்கக் கடற்படை அகாடமி நட்சத்திரம் பார்க்கும் பாடத்தைக் கைவிட்டுவிட்டு, 2015இல் மறுபடி கொண்டுவந்தது. செக்ஸ்டன்டைத் தூக்கும் அன்றைக்கு உன் கையில் நம்பத்தக்க நேரம் வேண்டும்.


அலைத்தடம் எழுதியது:

நேற்றும் இன்றும் நானே ஒப்பிட்டேன். செகண்ட் ஆபீசர் பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேற்று 42.5, இன்று 42.5. ரேட் பூச்சியமாகிவிட்டதா என்று ஒரு நிமிடம் குழம்பினேன். பிறகுதான் புரிந்தது, அரை விநாடிக்குக் கீழே என் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு நாள் சேர்த்துப் பார்த்தால்தான் 0.2 தெரியும். ஜிபிஎஸ் திரையில் இருக்கும் நேரத்தை வைத்துத்தான் ஒப்பிட்டேன், ரேடியோவில் ஒரே இரைச்சல்.


பழைய வாட்ச் எழுதியது:

ஐந்தாறு நாள் என்று நீயே கண்டுபிடித்தது நல்லது. நான் பத்து நாள் இடைவெளியில் எடுப்பேன்.

ஆனால் ஜிபிஎஸ் திரையை வைத்து ஒப்பிடாதே. உள்ளே நேரம் துல்லியமாக இருக்கும், திரையில் எண் மாறுவது ஒரு விநாடி வரை தாமதமாகலாம். ரேடியோவில் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் மூன்றையும் முயன்று பார். பகலில் மேலே உள்ள அலைவரிசை, ராத்திரியில் கீழே உள்ளது, பெரும்பாலும் ஏதாவது ஒன்றில் டபிள்யூ டபிள்யூ வி, அமெரிக்காவின் நேர சிக்னல் நிலையம், கேட்கும். கண் முள்ளில் இருக்கட்டும், காது டிக்கில் இருக்கட்டும், நிமிடம் தொடங்கும் நீண்ட ஒலிக்கு மட்டும் குறி.

இன்னொன்று. புத்தகத்தில் வெப்பநிலைக்கு ஒரு பத்தி இருக்கும், பலர் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். குவார்ட்ஸும் சூட்டுக்கும் குளிருக்கும் ரேட் மாறும். குளிர்ப் பகுதிக்குப் போகப் போகிறீர்கள் என்றால் இப்போதிருந்தே அதை நிரப்பு. நேற்றும் இன்றும் பெட்டிக்குப் பக்கத்தில் எத்தனை டிகிரி இருந்தது?